பூஜ்யங்களின் கடைசியில் ஒரு பத்தொன்பது

1

இந்தக் கதை ஒரு ஹார்டுவேர் கடையில், தொங்கிக்கொண்டிருந்த வாளிகளுக்குக் கீழே தொடங்கியது. கதை தேடி நான் அங்கே போகவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தோட்டத்துக் குழாய்க்கு ஒரு கிளிப் வாங்கப் போனேன்.

கடை புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருக்கிறது, ஹமீது பாயுடையது. அவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரில், பெயிண்ட் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில், லேமினேட் செய்த ஒரு தாள் தொங்கியது. தாள் முழுக்கக் கட்டங்கள், கட்டங்களுக்குள் எண்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான சர்வதேசக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றின் புள்ளிவிவரத் தாள் அது. இந்தியா 68, எதிரணி 61. (எதிரணி எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. ஆட்டம் என் கற்பனை. கற்பனையில்கூட இன்னொரு நாட்டைத் தோற்கடித்துப் பெயர் போட மனம் வரவில்லை.) பன்னிரண்டு பெயர்களில் ஒரு வரி மட்டும் மஞ்சள் மார்க்கரால் பூசப்பட்டிருந்தது. எண் 11, ஹனியா. பாயின் மகள்.

எனக்கு முன்னால் நின்றிருந்தவர் பிளம்பர் ஏசுபாதம். தினமும் வருகிறவர் போலிருக்கிறது. பாயைச் சீண்டும் உரிமை அவருக்கு இருந்தது.

"இன்னா பாய், மத்த பொண்ணுங்க இருபது, பதினைஞ்சுன்னு போட்டுகினு கீதுங்க. உம் பொண்ணு வரி பூரா முட்டையா கீது. அதுக்குப் போய் கலர் வேற அடிச்சி வெச்சிக்கிற?"

"நீ டேப்பு வாங்க வந்தியா, மார்க் போட வந்தியா?"

"டேப்புதான் பாய். ஆனா தெறந்தா தண்ணி வரணும்ல?"

பாய் சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்துக் கொடுத்தார். ஏசுபாதம் படியிறங்கிப் போன பிறகு சிரிப்பும் இறங்கிவிட்டது.

"சார், நீங்க எழுதுறவருன்னு சுப்புராமன் சார் சொன்னாரு. இந்தத் தாளைக் கொஞ்சம் வெளங்கறாப்ல எழுதித் தாங்களேன், பக்கத்துலயே மாட்டிடறேன். வரவன்லாம் முட்டை முட்டைன்றான். எனக்கும் பதில் தெரியல. நாப்பது நிமிசம் ஆட்டத்துல இருபத்தாறு நிமிசம் உள்ள வெச்சிருக்காங்க. ஒண்ணும் இல்லாமயா வெப்பாங்க?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. பேப்பரைப் பாத்துதான் எடுப்பாங்களாம்."

அந்தக் கவலைதான் இந்தக் கதை. அடுத்த சர்வதேசப் போட்டிக்கான முகாம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நடக்கிறது. பதினைந்து பேர் இருக்கிறார்கள், போகப்போவது பன்னிரண்டு பேர். பதினொரு பெயர்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. மீதமிருக்கும் ஒரே இடத்தில் ஹனியா இருப்பாளா, மாட்டாளா?

2

தாளைப் படிக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாளி வாங்க வந்தவர்கள் அவசரமென்றால் இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் ஒரு வரி. இடப்பக்கத்திலிருந்து: களத்தில் இருந்த நேரம், கூடைக்கு எறிந்தவை, உள்ளே போனவை, ரீபவுண்ட் (எறிந்து தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை போடுகிறவளுக்குக் கடைசியாகப் பந்தைக் கொடுப்பது), ஃபவுல் (விதிமீறல்), புள்ளிகள். வலப்பக்கக் கடைசியில், பலரும் பார்க்காமல் விடுகிற ஒரு கட்டம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹனியாவின் வரி: 26 நிமிடம் 14 நொடி. எறிந்தது ஒன்று, உள்ளே போனது பூஜ்யம். ரீபவுண்ட் ஒன்று. அசிஸ்ட் பூஜ்யம். ஃபவுல் மூன்று. புள்ளி பூஜ்யம்.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. களத்தின் ஓரத்தில் ஒரு மேசை. இரண்டு பேர். ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "நாலு, ரெண்டு பாயிண்ட், உள்ளே. அசிஸ்ட் ஒன்பது." (நாலும் ஒன்பதும் ஆட்டக்காரிகளின் சட்டை எண்கள்.) இன்னொருவர் கணினியில் தட்டிக்கொண்டே இருப்பார். சொல்கிறவர் ஒருமுறைகூடக் குனியக் கூடாது. தட்டுகிறவர் ஒருமுறைகூட நிமிரக் கூடாது. ஒருவருக்குக் கண் மட்டும், இன்னொருவருக்கு விரல் மட்டும். இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாகி நாற்பது நிமிட ஓட்டத்தை ஒரு தாளில் அடக்கிவிடுகிறார்கள். அழகான வேலை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். சொல்கிறவரின் கண் எங்கே இருக்கும்? பந்தின் மேல். அதனால் தாளில் இருப்பதெல்லாம் பந்துக்குப் பக்கத்தில் நடந்தவை. பந்து இல்லாத இடத்தில் நடந்தது எதுவும்

[இந்த வாக்கியத்தை இப்போதைக்கு இங்கேயே விடுகிறேன். முடித்தால் மற்ற பகுதிகளுக்கு வேலை இருக்காது.]

3

கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும். முயன்றவை கீழே.

முதல் தொடக்கம்: "புதுப்பட்டினத்துக் கடற்காற்று ஹனியாவின் முகத்தில் அறைந்தபோது அவள் தன் கனவை"

இல்லை. கடைத்தெருவில் அவ்வளவு காற்று கிடையாது. கனவும் எவரும் அங்கே சத்தமாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "நோன்பு மாதம், மாலை அசர் தொழுகைக்குப் பிறகு. பள்ளிவாசல் வளாகத்தில் கஞ்சி அண்டாவைச் சுற்றித் தூக்குவாளிகளோடு பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்பது வயது ஹனியா கால்களை அகட்டி ஊன்றினாள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டாள். பின்னாலிருந்து தள்ளினார்கள், அவள் அசையவில்லை. அசைந்தால் முன்னால் இருப்பவர் வாளியிலிருந்து கொதிக்கும் கஞ்சி சிந்தும், காலைச் சுடும். கூட்டம் அவள் மேல் மோதி இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இடைவெளியில் அவள் தம்பி அய்மன் புகுந்து அண்டாவை எட்டிவிட்டான்."

இதை எழுதி முடித்ததும் எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. காரணம் சொல்கிறேன். கூடைப்பந்தில் ஹனியா செய்யும் வேலைக்குப் பெயர் ஸ்க்ரீன். கீர்த்தனா என்று ஒருத்தி இருக்கிறாள். அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரம் டவுன்ஷிப் பெண், அணியிலேயே நன்றாகக் கூடை போடுகிறவள்.* அவளை எதிரணிக்காரி ஒருத்தி நிழல்போல ஒட்டிக்கொண்டு ஓடுவாள். அந்த நிழல் வரும் வழியில் ஹனியா போய் நின்றுகொள்வாள். கீர்த்தனா ஹனியாவின் தோளை உரசிக்கொண்டு ஓடுவாள், நடுவில் ஒரு தாள் நுழைய இடமிருக்காது. பின்னால் வருகிறவள் ஹனியாவின் மேல் மோத வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு போக வேண்டும். எதைச் செய்தாலும் கண்சிமிட்டும் நேரம் தாமதம். கீர்த்தனாவுக்கு அந்த நேரம் போதும்.

விதி என்ன தெரியுமா? ஸ்க்ரீன் போடுகிறவள் மோதும் கணத்தில் அசையக் கூடாது. இடுப்பை லேசாகத் திருப்பினால்கூட ஃபவுல். எல்லோரும் ஓடும் ஆட்டத்தில், மோதல் வருகிறது என்று தெரிந்தே அசையாமல் நிற்பதுதான் அவள் வேலை. கஞ்சி அண்டாவும் இதுவும் எவ்வளவு பொருந்துகின்றன, பாருங்கள்.

(* ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து, ஒரே மைதானத்திலிருந்து இரண்டு பேர் இந்திய அணியிலா என்று நீங்கள் கேட்கலாம். முகாமில் புள்ளிவிவரம் எழுதும் சுப்புராமனும் கேட்டார். ஒருத்தி இல்லாவிட்டால் இன்னொருத்தியை என்னால் விளக்க முடியாது. அதனால் இரண்டு பேரையும் எழுதிக்கொண்டேன்.)

4

இரண்டாம் தொடக்கத்தை ஹனியாவிடம் காட்டினேன். முகாமுக்கு ஞாயிறு விடுமுறை. கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து என் போனில் படித்தாள். உயரமான பெண், கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு டப்பாக்களைத் தள்ளி வைத்தாள்.

"நல்லாத்தான் கீது அங்கிள். ஆனா நான் கஞ்சி வாங்கப் போனதே இல்ல. அது அய்மன் டிபார்ட்மெண்ட். எனக்கு அந்தக் கஞ்சி புடிக்கவும் புடிக்காது."

"சார், அதை எழுதிடாதீங்க," என்றார் பாய் கல்லாவிலிருந்து. "ஜமாத்துல கேப்பாங்க."

"அப்ப எங்கேதான் கத்துக்கிட்ட?"

"கத்துக்கலாம் இல்ல அங்கிள். டவுன்ஷிப் கிரவுண்டுல எவளும் பந்து தர மாட்டாளுங்க. அவளுங்கல்லாம் சின்ன வயசுலருந்து ஒண்ணா ஆடறவளுங்க. நான் வெளியிலருந்து போறேன். கெட்டவளுங்க இல்ல, நான் கண்ணுல படல, அவ்ளோதான். பந்து வரலன்னா இன்னா பண்றது, வூட்டுக்கு வந்துடறதா? சும்மா நிக்கறதுக்கு எங்கயாச்சும் உருப்படியா நிப்போம்னு நின்னேன். ஒரு நாளு கீர்த்தனா பின்னாடி ஓடியாந்தவ என் மேல மோதி வுழுந்தா. கீர்த்தனா ஃப்ரீயா போட்டா. மறுநாளு அவளே வந்து, 'ஏய், நேத்து நின்ன மாதிரி நில்லுடி'ன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். அண்டாலாம் இல்ல."

கஞ்சியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. நான் எங்கே தவறினேன் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும். என் கஞ்சிக் கதையில் அவளை எல்லோரும் தள்ளினார்கள். உண்மையில் ஒருவரும் அவளைத் தொடக்கூட இல்லை. பந்து வராத இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்த இடத்தையே வேலை செய்யும் இடமாக அவள் மாற்றிக்கொண்டாள். இவ்வளவு நல்லதை நான் கற்பனை செய்திருக்க மாட்டேன்.

5

இப்போது கடைசிக் கட்டம். ஹனியாவின் வரியில், ஃபவுலையும் பூஜ்யங்களையும் தாண்டி, வலது ஓரத்தில் இருப்பது: +19.

இதற்கு ப்ளஸ்-மைனஸ் என்று பெயர். கணக்கு எளிது. அவள் களத்தில் இருந்த நேரத்தில் நம் அணி எடுத்த புள்ளிகள் 51. எதிரணி எடுத்தவை 32. கழித்தால் 19. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நம் அணி 17, எதிரணி 29. கழித்தால் மைனஸ் 12. ஆட்டத்தை வென்றது ஏழு புள்ளியில். மற்றக் கட்டங்கள் யார் என்ன செய்தாள் என்று கேட்கின்றன. இந்தக் கட்டம், அவள் இருந்தபோது என்ன நடந்தது என்று கேட்கிறது. யார் செய்தாள் என்று அதற்குத் தெரியாது; கவலையும் கிடையாது.

அணியிலேயே பெரிய எண் அது. இதைச் சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகையோடு அணுபுரத்தில் சுப்புராமனைப் பார்த்தேன். அவர் டவுன்ஷிப்வாசி, ஓய்வு பெற்றவர்; முகாமில் புள்ளிவிவர மேசைக்குத் தானாக முன்வந்து உட்காருகிறவர். அவருக்கு என் புன்னகை பிடிக்கவில்லை.

"ஒரே ஒரு மேட்ச். இதை வெச்சிட்டு ஒண்ணும் சொல்லக் கூடாது. அந்த நேரத்துல எதிர் டீமுக்கு எறிஞ்சதெல்லாம் தவறியிருக்கலாம். இல்ல, கீர்த்தனா கூடவே இவளும் உள்ள இருந்திருக்கலாம். அவ போட்டது இவ கணக்குல ஏறியிருக்கும். பஸ்ல டிரைவர் பக்கத்துல உக்காந்தவன் வண்டி ஓட்டினேன்னு சொல்ல முடியுமா?"

நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் கதையையே கைவிட்டுவிடலாம் என்றிருந்தது. பிறகு அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்வும் நேரத்தோடு வரிசையாக அச்சாகியிருக்கும் இன்னொரு நீளத் தாளை விரித்தார். யார் எப்போது உள்ளே வந்தாள், எப்போது வெளியே போனாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே போனார். காபி ஆறியது.

"சரியாத்தான் நெனச்சேன். ஹனியா உள்ள இருந்த நேரம் பூரா கீர்த்தனாவும் இருந்திருக்கா."

"அப்போ போச்சா?"

"இரு. கீர்த்தனா மட்டும் தனியா கொஞ்ச நேரம் ஆடியிருக்கா. ஏழே முக்கால் நிமிஷம். அதுல டீம்..." விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். "மைனஸ் பதினொண்ணு."

இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீர்த்தனா அன்று இருபத்துநான்கு புள்ளிகள் எடுத்தவள். அவள் மட்டும் இருந்த நேரத்தில் அணி பதினொன்று பின்தங்கியது. அவளோடு ஹனியாவும் நின்ற நேரத்தில் பத்தொன்பது முன்னேறியது.

"இதுவும் ஒரு மேட்ச்தான்," என்றார் சுப்புராமன். "ஆனா டிரைவர் பக்கத்துல உக்காந்தவன் எறங்கினதும் வண்டி பள்ளத்துல எறங்கியிருக்கு. அவனைக் கொஞ்சம் விசாரிக்கலாம்."

அவர் கட்சி மாறவில்லை, விசாரிக்கலாம் என்றுதான் சொன்னார். எண்களை நேசிக்கும் மனிதர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் இது. தங்களுக்குப் பிடித்த எண்ணையும் அவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

6

தேர்வு ஆட்டம். முகாமின் பெண்களையே இரண்டு அணியாகப் பிரித்து ஆடவைத்தார்கள். கீர்த்தனாவும் ஹனியாவும் ஒரே அணி. சுப்புராமன் மேசையில் தனியாக, கையில் பேனாவோடு. அன்று கணினி இல்லை. அடிக்கடி ஆளை மாற்றிக்கொண்டே இருந்ததால் ப்ளஸ்-மைனஸை ஒரே ஆள் கையால் எழுதுவது நடக்காத காரியம். ஆகவே அன்றைய தாளில் அந்தக் கடைசிக் கட்டமே கிடையாது. ஹனியாவுக்காகப் பேசக்கூடிய ஒரே கட்டம்.

தேர்வாளர்கள் மூன்று பேர். இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூன்றாமவர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டார். தாள்களை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

பயிற்சியாளர் ஞானம்பாள் ஆட்டத்துக்கு முன் ஹனியாவைத் தனியே அழைத்தார்.

"இன்னிக்கு நீ ஷூட் பண்ணும்மா. பேப்பர்ல ஏதாவது வரணும். நான் வாயால சொல்லிப் பாத்துட்டேன், 'மேடம், நம்பர் எங்க'ன்றாங்க."

"சரி மேடம்."

முதல் பாதியில் அவள் சொன்னபடி செய்தாள். ஐந்து முறை எறிந்தாள், இரண்டு உள்ளே போயின. எதிரணி ஃபவுலுக்குக் கிடைத்த ஒரு ஃப்ரீ த்ரோவும் சேர்ந்து ஐந்து புள்ளிகள். அவளுடைய வாழ்நாள் தாள்களோடு ஒப்பிட்டால் செல்வம். கீர்த்தனா ஒன்பது எறிந்து இரண்டு போட்டாள். அணி பத்துப் புள்ளிகள் பின்னால்.

இடைவேளையில் கீர்த்தனா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

"ஏய், ஒண்ணு சொல்லவா? நீ ஷூட் பண்ணப் போயிட்டா நான் எங்கடி போறது? அந்த மலைப்பாம்பு என்னைச் சுத்திகினே இருக்கா."

"பேப்பர்ல வரணும்னாங்க."

"வரட்டும். போடு. நான் கேக்கல. சொன்னேன், அவ்ளோதான்."

கீர்த்தனாவைப் பற்றி எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. நட்சத்திர ஆட்டக்காரி, டவுன்ஷிப் வீடு. கதையில் கொஞ்சம் கர்வம் கொடுக்கலாம் என்று ஒரு பத்திகூட எழுதி வைத்திருந்தேன். "நான் கேக்கல" என்று அவள் சொன்ன பிறகு அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் பாதியில் ஹனியா எறியவில்லை. நின்றாள். மூலையில், மூன்று புள்ளி வளைவின் விளிம்பில், கூடைக்குக் கீழே. மோதினார்கள், ஒருமுறை நெஞ்சில் முழங்கை பட்டது, இருமினாள், மறுபடி போய் நின்றாள். சுப்புராமனின் பேனா கீர்த்தனாவின் வரியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இடைவெளி பத்திலிருந்து ஒன்றுக்குச் சுருங்கியது.

கடைசிச் சில நொடிகள். ஒரு புள்ளி பின்னால். பந்து சங்கரி என்ற பெண்ணிடம். ஹனியா எறியமாட்டாள் என்று எதிரணிக்குப் பழகிப்போயிருந்தது. அவளைக் காக்க வேண்டியவள் உதவிக்காகக் கீர்த்தனாவின் பக்கம் நகர்ந்துவிட்டாள். கூடைக்கு அருகில் ஹனியா தனியாக நின்றாள். சங்கரி அவளைப் பார்த்தாள். கையைத் தூக்கினால் பந்து வரும். வந்தால் ஏழு புள்ளிகள், வெற்றிக் கூடை, பேப்பரில் ஒரு பெயர். மூலையிலிருந்து கீர்த்தனா ஓடத் தொடங்கினாள், முதுகில் மலைப்பாம்போடு.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவது: அவள் கையைத் தூக்குகிறாள். பந்து வருகிறது. போடுகிறாள். பாய் கடையில் புதுத் தாள். இதில் தவறே இல்லை. பதினேழு வயதுப் பெண் தன் இடத்தைக் கேட்டு வாங்கினால் நான் யார் குறை சொல்ல?

இரண்டாவது: அவள் ஓடிப்போய் நிற்கிறாள், கீர்த்தனா போடுகிறாள், தேர்வாளர்கள் இருவரும் ஹனியாவைச் சுட்டிக்காட்டி ஒரே நேரத்தில் எழுந்து

அடித்துவிட்டேன். அவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பந்தைத்தான் பார்ப்போம்; பந்து அதற்காகத்தான் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது.

மூன்றாவது, நான் வைத்துக்கொண்டது: ஹனியா கையைத் தூக்கவில்லை. நாலு எட்டில் குறுக்கே போய்க் கால்களை ஊன்றினாள். கீர்த்தனா அவள் தோளை உரசிக்கொண்டு கடந்தாள். சங்கரியின் பந்து கீர்த்தனாவின் கைக்கு வந்தது, கையை விட்டுக் கூடையை நோக்கியும் போனது.

உள்ளே போனதா? சொல்லமாட்டேன். ஒளித்து வைக்கும் ஆசையில் அல்ல. போனால் புள்ளி கீர்த்தனாவின் வரியில் ஏறும், அசிஸ்ட் சங்கரியின் வரியில். போகாவிட்டால் தவறிய எறிதல் ஒன்று கீர்த்தனாவின் வரியில். ஹனியாவின் வரி இரண்டிலும் ஒன்றுதான்: ஐந்து.

தேர்வாளர்களில் ஒருவர், "வேண்டும்" என்றார். மற்றவர், "நல்ல பெண்தான், ஆனால் எதைக் காட்டி எடுப்பது?" என்றார். பழைய சர்வதேச ஆட்டத்தின் தாளும் இந்தத் தேர்வு ஆட்டத்தின் தாளும் மூன்றாமவருக்குப் போயிருக்கின்றன.

இந்தப் பக்கங்களை பாயிடம் கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்து கடைசிவரை படித்தார். நடுவில் வந்த இரண்டு பேரைக் காத்திருக்கச் சொன்னார்.

"முடிவு இல்லயே சார்."

"இல்ல பாய்."

"கஞ்சி மேட்டரை வேற அப்டியே வுட்டு வெச்சிக்கிறீங்க."

"எடுத்துடட்டுமா?"

யோசித்தார். "இருக்கட்டும். ஆனா கடைசியில கொஞ்சம் எடம் வுடுங்க."

இடம் விட்டிருக்கிறேன். இந்தக் கதையில் அந்த மூன்றாமவர் நீங்கள்தான். அவரிடம் இரண்டு தாள்கள் மட்டும் இருக்கின்றன. உங்களிடம் அவற்றோடு இதுவும் இருக்கிறது. ஏசுபாதம் ஏற்கெனவே ஒருமுறை படித்துவிட்டார். "இன்னா பாய், இவ்ளோ பெரிசா கீது," என்றாராம். மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து படித்தாராம். இன்னும் ஒன்றும் எழுதவில்லையாம்.

மஞ்சள் மார்க்கர் வாளிக் கயிற்றின் கீழ்முனையில் கட்டியிருக்கிறது. மூடி இறுக்கம், திருகித்தான் திறக்க வேண்டும். வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்றை எழுதுங்கள். அவசரமில்லை. ஆனால் ரொம்ப நேரமும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். அசைந்தால் ஃபவுல்.